குமுளி வழியா ராத்திரிப் பயணம்: 10 மணிக்கு மேல் வயித்துக்கு ஒத்துக்கிற சாப்பாடு எங்கே?

வைகைக்கரை:

வணக்கம். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரையிலிருந்து கார்ல கோட்டயம் போறோம். தேனி, கம்பம், குமுளி வழி. 7:30க்கு முன்னாடி கிளம்ப வழியில்லை. கணக்குப் போட்டா கம்பம் 10 மணி தாண்டி, குமுளி 11, கோட்டயம் விடிகாலை 2 மணி வாக்குல. நாலு பேர். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, ராத்திரி கிளிமிபிரைடு மாத்திரை போடுறாங்க, சைவம் மட்டும்தான். பையனுக்கு 6 வயசு, மலைப்பாதைல வாந்தி எடுப்பான்.

குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாப்பிட்டுக்கலாம்னு நினைச்சிருக்கோம். அந்த நேரத்துல அங்கே கிடைக்குமா? குமுளி தாண்டினா முண்டக்கயம் வரைக்கும் ஏதாவது இருக்கா? திறந்திருக்கிற கடையில எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாதுன்னும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏலத்தோட்டம்:

தம்பி, திட்டத்தை ஒரு ஊர் முன்னாடி தள்ளி வைங்க. குமுளில சாப்பிடாதீங்க, கம்பத்துல சாப்பிடுங்க.

காரணம் சொல்றேன். குமுளி சுற்றுலா ஊர்தான், ஆனா உட்கார்ந்து சாப்பிடுற சைவ ஓட்டல்கள் 10 மணியை ஒட்டியே அடுப்பை அணைச்சிடுவாங்க. அதுக்கு மேல இருக்கிறது தட்டுக்கடைதான். தோசை, ஆம்லெட், பொரோட்டா, பீஃப், சில இடத்துல கப்பை (மரவள்ளிக்கிழங்கு). சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு அங்கே ஒரு சங்கடம்: ஒரே கல்லுலதான் ஆம்லெட்டும் தோசையும், ஒரே தோசைத்திருப்பிதான். பொரோட்டா மேல கேக்காமலே ஊத்துற சாறு பீஃப் சாறா இருக்க வாய்ப்பு அதிகம். "சாறு வேண்டா"னு முதல்லயே சொல்லிடணும். இன்னொண்ணு, கேரளாக்காரர் ராத்திரில "ஊண்" போடமாட்டார். ஊண்னா மதியச் சோறு. 11 மணிக்குப் போய் "சாப்பாடு இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னு ஒரே சொல்லுல முடிஞ்சிடும். "கழிக்கான் எந்தா உள்ளது?"ன்னு கேளுங்க, இருக்கிறதையெல்லாம் வரிசையாச் சொல்வாங்க. குமுளில நிறையப் பேர் தமிழ் பேசுவாங்க, ஆனாலும் இப்படிக் கேட்டா பதில் முழுசா வரும்.

குமுளிக்கு அப்பால் வண்டிப்பெரியாறு, பீர்மேடு எல்லாம் தேயிலைத் தோட்ட ஊர். விடிஞ்சதும் பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு) போறவங்க ஊரு, 8, 9 மணிக்கு விளக்கு அணைஞ்சிடும். குட்டிக்கானத்துல வெளியூர் வண்டி நிக்கிற ஓரிரண்டு கடை திறந்திருந்தா ஒரு கட்டன் சாயா (பால் போடாத டீ) கிடைக்கும், வேளைச் சாப்பாடா எண்ணக்கூடாது. அங்கேயிருந்து முண்டக்கயம் வரை சுமார் 20 கி.மீ. முழுக்க இறக்கம், வளைவு, மழைக்காலத்துல பஞ்சு மாதிரி மூட்டம். கீழே போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டிடும், முண்டக்கயமும் காஞ்சிரப்பள்ளியும் தூங்கிட்டிருக்கும். ஆக, கம்பத்துல சாப்பிட்டு எழுந்தா அடுத்த நிச்சயமான சாப்பாடு கோட்டயத்துலதான்.

இப்ப முக்கியமான விஷயம். தேனிக்கு அப்பால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாத்துக்கும் புறவழிச்சாலை வந்தாச்சு. மேப் போட்டு ஓட்டினா அது உங்களை ஒவ்வொரு ஊருக்கும் வெளியே வெளியேயே கொண்டுபோய் மலையடிவாரத்துல இருக்கிற லோயர் கேம்ப்ல விட்டுடும். வயல், திராட்சைத் தோட்டம் தவிர ஒண்ணும் கண்ணுல படாது. "வழியில பார்த்துக்கலாம்"னு வர்றவங்க பட்டினி கிடக்கிறது இதனாலதான். மேப்ல கோட்டயம்னு போடாதீங்க, முதல்ல கம்பம் பஸ் ஸ்டாண்டுன்னு போடுங்க. லோயர் கேம்ப்ல பென்னிகுயிக் மணிமண்டபம் தாண்டினா அடுத்தது மலையேற்றம்தான், திரும்ப மனசு வராது.

10 மணியும் இழுபறிதான். தேனி தாண்டும்போது 9:15க்கு மேல ஆயிட்டா கம்பத்துக்குக் காத்திருக்காம தேனிலயே சாப்பிட்டுடுங்க. மேப்ல "திறந்துள்ளது"ன்னு காட்டுறதை நம்பாம, கடை எண்ணுக்குக் கூப்பிட்டு "நாலு பேர், 10:15க்கு வர்றோம், 12 இட்லி எடுத்து வைங்க"ன்னு சொல்லிட்டா காத்திருப்பாங்க. மாவு மிச்சம் இருக்கிற கடைக்காரருக்கு அந்தப் போன் தேவைப்படுற போன்தான்.

லோடு_வண்டி:

மேல அண்ணன் வழியைச் சொல்லிட்டார். நான் தட்டுல வர்றதைப் பத்திச் சொல்றேன்.

ராத்திரிக் கடையில கடைப்பேரு, போர்டு எதையும் பார்க்க வேண்டாம். அடுப்புக்கும் உங்க தட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் போகுதுன்னு மட்டும் பாருங்க. கண்ணு முன்னாடி சூட்டுல ஆகி நேரா தட்டுக்கு வர்றது பெரும்பாலும் பத்திரம். சாயங்காலமே ஆக்கி, கதகதன்னு ஓரமா உட்கார்ந்திருக்கிறதுதான் வயித்தைக் கெடுக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருக்கிற சாப்பாட்டுல கிருமி வேகமாப் பெருகும். கை பொறுக்கிற சூடுன்னா அது அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு.

இட்லின்னா "அடுத்த ஈடு எப்ப இறக்குவீங்க?"ன்னு கேளுங்க. ஒரு ஈடு வேக 10, 12 நிமிஷம், காத்திருக்கலாம். புது இட்லியோட அடியில துணித்தடம் தெளிவா இருக்கும், பிட்டா நடுவுலயிருந்து ஆவி வரும். திரும்பச் சூடு பண்ணினதுன்னா ஓரம் ஈரமாக் கொழகொழன்னும், மேல்தோல் விரைப்பாவும் இருக்கும், பிட்டா ஆவி வராது.

தோசைதான் ராத்திரில முதல் தேர்வு. ரொம்பப் புளிச்ச மாவுன்னாக்கூட வயித்துக்கு ஒண்ணும் ஆகாது, ருசிதான் குறையும்.

கவனிக்க வேண்டியது தொட்டுக்கிறதைத்தான். தேங்காய்ச் சட்னி மதியம் அரைச்சதுன்னா 10 மணிக்கு மேல அது சட்னியே இல்லை. வாளியைக் கரண்டியால தள்ளிப் பாருங்க. மேல சின்னச்சின்னதா நுரை, ஓரத்துல தண்ணி தனியாப் பிரிஞ்சிருக்கு, மோந்தா லேசாக் கள்ளு வாசனைன்னா வேண்டாம். வதக்கி அரைச்ச காரச்சட்னி தாக்குப்பிடிக்கும். எல்லாத்தையும்விட பொடியும் நல்லெண்ணெயும் மேல். சாம்பார்னா "கொதிக்க வச்சுக் குடுங்க"ன்னு கேளுங்க. ஓரத்துல குமிழி வர்றது போதாது, நடுவுல தளதளன்னு கொதிச்சு ரெண்டு நிமிஷம் இருக்கணும்.

பரோட்டாவைச் சாயங்காலமே போட்டு அடுக்கி வச்சிருப்பாங்க, அதுல தப்பில்லை. கல்லுல திரும்பப் போட்டு, தட்டி எடுத்துக் குடுத்தாச் சாப்பிடலாம். சால்னாதான் பிரச்சினை. அடிச்சட்டி சால்னால தண்ணி ஊத்தி நீட்டியிருப்பாங்க, கொதிக்க விட்டிருக்க மாட்டாங்க. முட்டை சாப்பிடுறவங்க நல்லா வெந்த ஆம்லெட், இல்லைன்னா அவிச்ச முட்டையை ஓட்டோட வாங்கி அங்கேயே உரிச்சுத் தின்னுங்க. ஆஃப்பாயில், கலக்கி ரெண்டும் பயணத்துல வேண்டாம்.

தக்காளிச் சாதம், லெமன் சாதம், பிரைடு ரைஸ்னு எந்த ரூபத்துல வந்தாலும் ராத்திரி 10 மணிக்கு மேல சோறு கேக்காதீங்க. மதியம் வடிச்ச சோத்தைத்தான் தாளிச்சுக் குடுப்பாங்க. ஆறின சோத்துல வளர்ற ஒரு கிருமி விடுற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுக்க வைக்கும். மலைப்பாதை வாந்தின்னு நினைச்சுப் பலபேர் அதைக் கண்டுக்கிறதில்லை.

ஷவர்மா, அல்ஃபாம் கடைங்க கேரளால நள்ளிரவு வரைக்கும் பளிச்சுன்னு வெளிச்சமாத் திறந்திருக்கும், பையன் கைகாட்டுவான். மயோனைஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க. பச்சை முட்டை மயோனைஸை 2023 ஜனவரியிலயே கேரளா தடை செஞ்சது, தமிழ்நாடு 2025 ஏப்ரல்ல செஞ்சது. அதே 2023ல பார்சல் மேல ஆக்கின நேரமும் எப்பக்குள்ள சாப்பிடணும்னும் ஒட்டணும்னு கேரளால கட்டாயமாக்கினாங்க. பார்சல் வாங்கினா அந்த ஸ்டிக்கரைப் பாருங்க, இல்லைன்னா கேளுங்க.

தண்ணி: கேரளால ரோஸ் நிறத்துல வர்றது பதிமுகம் போட்டுக் காய்ச்சின தண்ணி. நிறத்தைப் பார்த்து நம்பாதீங்க, டம்ளரைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தாக் குடிக்கலாம். வெதுவெதுப்பா இருந்தா, காய்ச்சினதுல பச்சைத்தண்ணி கலந்து ஆத்தியிருக்கலாம். மஞ்சக்காமாலை இந்தக் கலப்பாலயும் பரவும். உங்க பாட்டிலே மேல்.

காசு 10, 20, 50ஆ ஒரு 500 ரூபாய்க்கு வச்சுக்கங்க. லோயர் கேம்ப் தாண்டினா சிக்னல் வந்து வந்து போகும், கியூஆர் ஸ்கேன் சுத்திக்கிட்டே இருக்கும்.

அடுப்பங்கரை:

கம்பத்தில் சாப்பிடுவது சரிதான், ஆனால் ஒரு வேளைப் பொட்டலம் கையில் இல்லாமல் மலை ஏறாதீர்கள். வழியில் வண்டி பஞ்சரானாலும், மூட்டத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வந்தாலும் குழந்தைக்கும் பெரியவருக்கும் அதுதான் துணை.

எளிது பொடி இட்லி. நாலு பேருக்கு 14 இட்லி போதும். இட்லி முழுக்க ஆறிய பிறகு 5 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 4 மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடியைக் குழைத்து இரண்டு பக்கமும் தடவுங்கள். ஓரத்தையும் விடாதீர்கள், எண்ணெய் படாத இடம்தான் முதலில் காய்ந்து வெடிக்கும். பையனுக்கு நாலு இட்லியில் பொடிக்குப் பதில் எண்ணெயும் உப்பும் மட்டும். சூட்டோடு டப்பாவை மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூடியில் ஆவி முத்துமுத்தாகக் கோர்த்து இட்லி மேல் சொட்டும், அந்த ஈரத்தில்தான் நூல் விடும். வாழை இலையைத் தணலில் காட்டி, பச்சை நிறம் கறுத்து வளையும் வரை வாட்டி அதில் மடியுங்கள். அச்சடித்த செய்தித்தாள் உணவில் நேராகப் படக்கூடாது, இலைக்கு வெளியே சுற்றலாம்.

புளியோதரையும் நிற்கும். 300 கிராம் அரிசிக்கு 40 கிராம் புளி, 5 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும் வரை சுண்ட வேண்டும், சோறு தாம்பாளத்தில் பரப்பி ஆறிய பிறகு கலக்க வேண்டும். புளிப்பும் எண்ணெயும் சேர்ந்துதான் கெடாமல் காக்கின்றன. தண்ணீராக இருக்கும் புளிக்காய்ச்சலுக்கு அந்தக் காவல் கிடையாது. வேர்க்கடலையைத் தனியாக எடுத்துப் போங்கள், கலந்தால் நமுத்துவிடும்.

இன்னொரு வழி, அடுப்பே தேவையில்லாதது: அவல். ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீர் நிரப்பினால் விடியும் வரை சூடு நிற்கும். கெட்டி அவல் ஒரு டம்ளருக்கு முக்கால் டம்ளர் வெந்நீர், மூடி 10 நிமிடம். வறுத்த கடலை, உப்பு, மோர்மிளகாய். பையனுக்கு வெல்லம், வாழைப்பழம். மெல்லிசு அவல் வாங்காதீர்கள், வெந்நீர் பட்டதும் கூழாகிவிடும்.

வாழைப்பழத்தைச் சொன்னதும் ஒன்று. மலையில் எந்தப் பெட்டிக்கடையிலும் தார் தொங்கும். தோலுரித்துத் தின்பது, யார் கையும் உள்ளே படுவதில்லை. அதே கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) மாலையில் போட்டது, விட்டுவிடுங்கள்.

மருந்துச்சீட்டு:

சர்க்கரை விஷயத்தை யாரும் தொடவில்லை. இதுதான் உங்கள் பயணத்தில் அவசரமானது.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வழக்கமான 8:30 மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு 11 மணிக்குச் சாப்பாடு தேடினால் சர்க்கரை இறங்கிவிடும். கையில் சாப்பாடு வந்த பிறகே மாத்திரை. நேரம் மாறுவதை அம்மாவின் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அளவைக் குறைக்கச் சொல்லவும் கூடும். 8:30க்கு உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தி, அம்மாவுக்கு மட்டும் வீட்டுச் சப்பாத்தி இரண்டும் மாத்திரையும் கொடுத்துவிடுவது இன்னும் எளிது. அவர் கம்பம் வரை காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

வியர்வை, கைநடுக்கம், திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கம் என்று விடாதீர்கள். குளுகோமீட்டர் இருந்தால் 70க்குக் கீழே. 3 தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு இட்லி. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். குளுக்கோஸ் பொட்டலம் டிக்கியில் அல்ல, அம்மாவின் கைக்கெட்டும் பையில்.

கேரளாக் கடையில் சர்க்கரை போடாத டீக்குப் பெயர் "வித்தவுட்". அப்படியே கேட்கலாம். கஞ்சி கிடைத்தால் லேசானது என்று அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். குழைந்த அரிசி சர்க்கரையை வேகமாக ஏற்றும். கூட வரும் பயறை இரண்டு மடங்கும் கஞ்சியைப் பாதியும் கொடுக்கலாம்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மாத்திரை விஷயம் எனக்குத் தோணவே இல்லை, மருந்துச்சீட்டு ஐயா. சப்பாத்தி வீட்டுலயிருந்தே வருது. இன்னும் ரெண்டு சந்தேகம். பையனுக்குக் கம்பத்துல என்ன குடுக்கலாம்? அப்புறம் இதே வழியில கார்த்திகை மாசம் ஒருதரம் போக வேண்டியிருக்கும், அப்ப நிலைமை எப்படி?

ஏலத்தோட்டம்:

பையனுக்கு ரெண்டு இட்லி, அதுக்கு மேல வேண்டாம். எண்ணெய் மிதக்கிற எதையும் குடுக்காதீங்க, பால் வேண்டவே வேண்டாம். கம்பத்துல கை கழுவினதுலயிருந்து மலையடிவாரம் 20 நிமிஷம்தான், பரோட்டா அதுக்குள்ள இறங்காது. வெறும் வயிறும் ஆகாது, அதுலயும் வாந்தி வரும். சாப்பிட்டு ஒரு 20 நிமிஷம் நடக்க விட்டுட்டு ஏறுங்க. குமுளி ஏத்தத்தைவிட குட்டிக்கானம் இறக்கம்தான் புரட்டும். பீர்மேட்டுல முழிச்சிருந்தா ஒரு துண்டு சுக்கு வெல்லம் வாயில போடுங்க, தூங்கினா எழுப்பாதீங்க.

கார்த்திகைன்னா கதையே வேற. மண்டல காலத்துல சபரிமலைக்குப் போற பாதை முழுக்க ராத்திரி பகல்னு கடை இருக்கும், சைவம் தாராளமாக் கிடைக்கும். ஆனா கூட்டம் ஏறினா அய்யப்ப பக்தர் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியா அனுப்பி, திரும்புறப்ப குமுளி வழியா விடுறது வழக்கம். உங்களையும் கம்பத்துல திருப்பி விட்டா, ஏலத்தோட்டம் வழியா கட்டப்பனைப் பக்கம் சுத்தணும், நேரம் கூடும். அதனால அந்த மாசத்துலயும் கம்பத்துல சாப்பிட்டுட்டு ஏறுறதை மாத்தாதீங்க. தற்காலிகக் கடைகள்ல தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு சொல்ல முடியாது, பாட்டில் கூடுதலா வச்சுக்கங்க.

எல்லைக்கல்:

மத்த வழில போறவங்களுக்கும் இந்தத் திரி உதவும்ங்கிறதால சுருக்கமா.

செங்கோட்டை, புனலூர் வழி: பிரானூர் பார்டர்ல பரோட்டா, கோழிக் கடைகள் வரிசையா இருக்கு. 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்ததால, பழைய எல்லை அங்கேதான், பேர் மட்டும் நின்னுபோச்சு. அசைவம்னா அங்கே முடிச்சுக்கங்க. சைவம்னா தென்காசி, செங்கோட்டை ஊருக்குள்ளேயே. புளியரை வளைவு ஏறினா ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை எல்லாம் காடும் ரப்பரும்தான், புனலூர் வரைக்கும் ராத்திரில எதையும் எண்ண வேண்டாம்.

போடி, மூணாறு வழி: போடிலயே சாப்பிடணும். போடிமெட்டு, பூப்பாறைல 9 மணிக்கு மேல நம்ப முடியாது.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழி மாலை 6 முதல் காலை 6 வரை மூடிடுவாங்க. நீலகிரி கூடலூர்லயிருந்து முதுமலை வழியா மைசூரு பக்கம் ராத்திரி 9 முதல் காலை 6 வரை கிடையாது. செக்போஸ்ட்ல மாட்டினா விடியற வரைக்கும் வண்டிக்குள்ளதான், அங்கே சாப்பாட்டுக்கு வழியே இல்லை. இந்த ரெண்டு வழிக்கும் அடுப்பங்கரை அக்கா சொன்ன பொட்டலம் கட்டாயம்.

லோடு_வண்டி:

ஒண்ணு விட்டுப்போச்சு. நள்ளிரவு தாண்டிட்டா அலைஞ்சு தேடாதீங்க. 12லயிருந்து 4 வரைக்கும் மலையில ஒண்ணும் இருக்காது. 4, 4:30க்கு முதல் பஸ்ஸுக்காகப் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை திறக்கும், புதுப் பாலும் அப்பதான் வரும். நீங்க 2 மணிக்கே கோட்டயம் போயிடுவீங்க, அதனால அந்த ரெண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஃபிளாஸ்க்ல வெந்நீர் மிச்சம் வைங்க. பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல விடிகாலைல முதல்ல வர்றது புட்டு, கடலைக்கறி, அப்பம். புட்டு குழாய்லயிருந்து தள்ளினது நேரா தட்டுல விழுறதால சூடு பத்தி யோசிக்க வேண்டாம். கடலைக்கறி முந்தின நாளுதா இல்லையான்னு மட்டும் "இப்போ உண்டாக்கியதாணோ?"ன்னு கேட்டுக்கங்க.